சூட்டில் இறுக்கியது

ஆடி 1

மாப்பிள்ளை வந்தார். அந்த நிமிடத்திலிருந்து வீட்டில் மற்ற எல்லோரும் ஒரு சாண் குட்டையாகிவிட்டோம்.

அப்பா வாசலுக்கு ஓடினார். அம்மா கொதிக்கிற பாயசத்தை விட்டுவிட்டு ஓடினாள். அக்கா நாயகி பின்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். அதற்கு யாரும் ஓடவில்லை. நான் வாங்கினேன். நல்ல கனம்.

"ஆடி ஒரு மாசத்துக்கு இவ்ளோ துணியாக்கா?"

"புக்குடா."

கல்யாணமாகி முதல் ஆடிக்குத் தாய்வீடு வருகிற பெண் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வருகிறாள். ஓசூர் நாகரிகம். இந்தப் புழுக்கத்தில் மணிக்கட்டு வரை கைவைத்த சுடிதார். அதுவும் ஓசூர் நாகரிகம்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பாவுக்குப் பெருமை ஜீரணமாக வேண்டியிருந்தது. காரை எடுக்கச் சொன்னார்.

எங்கள் தொழிலை ஒரு வரியில் எழுதினால்தான் அதன் அசட்டுத்தனம் தெரியும்: கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை மாப்பிள்ளைகளைத் தெருத்தெருவாகக் காட்டுவது. அதற்காக அப்பா ஒரு பழைய காரின் கூரையை அறுத்து எறிந்து, வெள்ளை பெயின்ட் அடித்து, பின்சீட்டைச் சிம்மாசனம்போல் உயர்த்தி வைத்திருக்கிறார். மாயவரத்தில் எங்களை விட்டால் வேறு வண்டி இல்லை. தத்துவத்தில் எம்.ஏ. படித்த நான் அதன் டிரைவர். நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் வண்டி போக வேண்டும். அவர் ஆலாபனையில் நின்றால் வண்டியும் நிற்கும். இவ்வளவு மரியாதையான வேகத்தில் ஓடினால் எஞ்சினுக்குள் கரியை எரிக்கிற அளவு சூடு ஏறாது. ப்ளக் முனையில் கரி அப்பிக்கொள்ளும். பொறி சரியாக விழாது. வண்டி விக்கும். ஒவ்வொரு முகூர்த்தத்துக்குப் பிறகும் நான் நாலு ப்ளக்கையும் கழற்றித் துடைத்து மாட்டுகிறேன். ஊரில் கௌரவத்தால் கெட்டுப்போகிற எஞ்சின் எங்களுடையது மட்டும்தான்.

காவிரித் துலாக்கட்டம் வரை போய்த் திரும்பினோம். விக்கியது.

"என்ன மாமா, வண்டி இருமுது?" என்றார் அத்தான். பெயர் கோகுலகண்ணன். ஓசூரில் ஏதோ தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு. அவர் உட்கார்ந்தால் நாற்காலியின் தரம், சாப்பிட்டால் அப்பளத்தின் தரம்.

"கரி புடிச்சிருக்கும் மாப்ள. குமரன் தொடைச்சுடுவான்."

"கரியெல்லாம் இல்ல. ப்ளக் லூசு. டைட் பண்ணா சரியாயிடும். ஸ்பானர் எடு மச்சான்."

"எஞ்சின் கொதிக்குது அத்தான். ஆறட்டும்."

"நீ படிச்சது தத்துவம். அதை ஆற வை. இது மெஷின்."

அப்பா சிரித்தார்.

"மோதிரத்தையாவது கழட்டிடுங்க. பேட்டரி முனையில பட்டா சுட்டுடும்."

"கழலாது மச்சான். நீ போட்டதாச்சே."

அதற்கும் அப்பா சிரித்தார்.

உண்மைதான். பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்கு மோதிரம் போடும் முறைக்காக, தை மாதம் மணவறையில் நான்தான் போட்டேன். விரல் பெரிசு, மோதிரம் சின்னது. அம்மா சோப்புத்தண்ணீர் கொண்டுவந்தாள். போட்டோக்காரர் அதையும் எடுத்தார்.

அத்தான் பேட்டரி வயரைக் கழற்றவில்லை. ப்ளக்கைச் சுற்றியிருந்த மண்ணை ஊதவில்லை. மூன்றாவது ப்ளக்கின் வயரை, தொப்பியைப் பிடித்துக் கழற்றாமல், வாலைப் பிடித்து இழுத்தார். ஸ்பானரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கிக்கொண்டார். உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தார்.

டக்.

ப்ளக்கின் தலை ஸ்பானரோடு வந்துவிட்டது. மரைப் பகுதி எஞ்சினுக்குள்ளேயே இருந்துவிட்டது.

சத்தம் கேட்டதும் வாசற்படியில் நின்ற அக்கா தலையை ஒருபக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு ப்ளக்குக்கு இவ்வளவு பயம். பெரிய ஊருக்குப் போனதும் நோஞ்சானாகிவிட்டாள்.

சத்தம் அடங்குவதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "அது ஏற்கெனவே வீக்கா இருந்த ப்ளக் மாப்ள. நீங்க என்ன பண்ணுவீங்க."

அத்தான் கை கழுவினார். அக்கா துண்டோடு நின்றாள்.


ஆடி 2

ஓசூருக்குப் போய்விட்டார். நாங்கள் பழைய உயரத்துக்கு வந்தோம்.


ஆடி 4

மெக்கானிக் சவரிராஜ் வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார்.

"யாருங்க ஒடச்சது?"

"தானா ஒடஞ்சுது."

"தானா ஒடையறதுக்கு இது என்ன அப்பளமா? சூட்டுல போட்டு முறுக்கியிருக்காங்க. குழா மாட்டிதானே?"

"பழைய ப்ளக்கு சவரி."

"பழசுன்னா துரு இருக்கணுமே. ஒடஞ்ச வாயப் பாருங்க, பளபளன்னு இருக்கு." அவருக்கு வேலையைவிட விசாரணை பிடிக்கும். "எஞ்சின் தலையக் கழட்டி பட்டறைக்குக் கொண்டாங்க. டிரில் போட்டு எடுத்துடலாம். ஒருநா வேலை."

அப்பா வேண்டாம் என்றார். பட்டறையில் நாலு பேர் நிற்பார்கள். யார் உடைத்தது என்று நாலு பேரும் கேட்பார்கள். கடைத்தெருவில் மாப்பிள்ளையின் பெயர் அடிபடும். ஆகவே ஒரு தார்ப்பாயை மூடி, வீட்டுக்குள்ளேயே, யாருக்கும் தெரியாமல், மகன் அதை வெளியே எடுக்க வேண்டும். ஆவணி ஆறாம் தேதி முதல் ஊர்வலம். வண்டி பேசியாகிவிட்டது.

சவரிராஜ் போகும்போது என் காதில் சொன்னார்: "மாப்ளையா?"

நான் தத்துவவாதியின் முகத்தை வைத்துக்கொண்டேன்.


ஆடி 5

எதிர்வீட்டு நடேசன் மாமா தார்ப்பாயைப் பார்த்து, "என்னடா, வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?" என்றார்.


ஆடி 8

நிலவரம். ப்ளக்கின் மரையுள்ள இரும்பு வளையம் அலுமினியத் தலையில் நறுக்கென்று உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் இறுக்கியது. ஆறும்போது அலுமினியம் சுருங்கிக் கவ்விக்கொண்டது. வளையத்துக்குள் வெள்ளைப் பீங்கான், விரிசலோடு. பீங்கான் துண்டு சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன் ஏறி இறங்கும்போது சுவரைக் கீறிவிடும். ஆகவே முதலில் பீங்கான், பிறகு வளையம். அதற்கும் முன்னால் பிரேக் ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்து காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டால் மரையும் போகும். அப்புறம் வண்டியைக் கோழி அடைக்கத்தான் வைத்துக்கொள்ளலாம்.

அக்கா வந்து மட்கார்டில் சாய்ந்துகொண்டாள். கண்ணாடி புதிது.

"பழைய ஃப்ரேம் என்னாச்சு?"

"ஒடஞ்சுடுச்சு."

"புருவத்துல என்ன?"

"கதவு இடிச்சுது."

அம்மா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்: "அவளுக்கு எப்பவும் கவனம் கெடையாது."

இடது புருவ ஓரத்தில் சின்னத் தழும்பு. நாலு மூலையும் தெரிகிற மாதிரி. ஓசூரில் கதவுகளைக்கூட தரக்கட்டுப்பாட்டோடுதான் செய்கிறார்கள்.


ஆடி 10

அக்காவின் பெட்டியில் இருப்பது வங்கித் தேர்வுப் புத்தகங்கள். பட்டச் சான்றிதழ். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்கூட. சேலை இரண்டோ மூன்றோ. ஆடி விருந்துக்கு வந்தவளுக்குப் பத்தாம் வகுப்பு மார்க் எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த வீட்டில் கேள்வி கேட்கும் ஒரே ஆள் சவரிராஜ்தான்.


ஆடி 12

பீங்கானை எடுத்தோம்.

எடுத்தோம் என்றுதான் எழுத வேண்டும். எஞ்சினைக் கையால் சுற்றி மூன்றாவது பிஸ்டனை மேலே கொண்டுவந்தேன். துண்டு விழுந்தாலும் ஆழத்துக்குப் போகாது. சொன்னதும் அக்கா புரிந்துகொண்டாள். ஊதுபத்திக் குச்சியின் நுனியில் கிரீஸைத் தடவி, நான் ஊசியால் உடைக்க உடைக்க, ஒவ்வொரு சில்லாக ஒற்றி எடுத்தாள். எடுத்ததை எல்லாம் ஒரு வெள்ளைத் தட்டில், முன்பு உடைந்த துண்டுகளோடு பொருத்தி அடுக்கினாள்.

"எதுக்கு அடுக்கற?"

"எல்லாம் வெளிய வந்துடுச்சான்னு தெரிய வேண்டாமா? ஒண்ணு உள்ள இருந்தாலும் அப்புறம் கீறிக்கிட்டே இருக்கும்ல."

ஒரு துண்டு குறைந்தது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தேடினாள். டார்ச்சைப் பிடித்த கையில் சுடிதார்க் கை மேலேறியது. உடனே இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலிண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துண்டு கிடைத்தது. அரிசிக் குருணை அளவு.


ஆடி 15

அம்மா: "மாப்ளகிட்ட ஃபோன் பேசினியாடி?"

அக்கா: "அவர் பேசினார்."

அம்மா: "நீ என்ன பேசின?"

அக்கா: "அவர் பேசினாரும்மா."


ஆடி 18

பெருக்கு. காவிரியில் தண்ணீர் இடுப்பளவு, ஜனம் கழுத்தளவு. மாப்பிள்ளை மறுபடி வந்தார். நாங்கள் மறுபடி குட்டையானோம்.

புதுப்பெண்களுக்கு இன்று தாலிச்சரடு மாற்ற வேண்டும். துலாக்கட்டத்துப் படியில் அம்மா மஞ்சள் கயிற்றோடு நின்றாள். அக்கா, "வீட்ல மாத்திக்கறேன்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்றாள். கயிறு இன்னும் தாம்பாளத்தில் கிடக்கிறது. அம்மா அதன்மேல் ஒரு வெற்றிலையை வைத்து மூடிவிட்டாள். அம்மாவின் தார்ப்பாய்.

அத்தான் என் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார்.

"இன்னுமா எடுக்கல? எங்க ஃபேக்டரியில ரெண்டு நிமிஷம்."

"ஊறணும் அத்தான்."

"எதையும் ஊற வச்சா கெட்டுப்போகும் மச்சான். டைட்டா புடிச்சு ஒரே முறுக்கு." மட்கார்டை மோதிரத்தால் டொக் டொக்கென்று தட்டினார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "மாமா, உங்க வீட்டு ப்ளக்கும் உங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதான். லேசா தொட்டாலே ஒடஞ்சுடுது."

அப்பா சிரித்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நடேசன் மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

சிரித்தவர்களில் நானும் உண்டு.

அக்கா வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.


ஆடி 19

மோதிரக் கல் சதுரம்.


ஆடி 20

எண்ணெய் விட்டேன். காலை, மாலை. எழுத எதுவும் இல்லை.


ஆடி 22

"என்னடா, மூணு நாளா என் மூஞ்சியையே பாக்கற?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல."

"கதவுன்னு சொன்னப்ப நம்பினியா?"

"ம்."

"பொய்."

தார்ப்பாய்க்கு அடியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். புழுக்கம். மண்ணெண்ணெய் வாடை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், காய் விலை சொல்வதுபோல. கண்ணாடி சித்திரையில். புருவம் வைகாசியில். கை அடிக்கடி. ஆடிக்கு இங்கே வந்த முதல் வெள்ளிக்கிழமை அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டபோது எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். சீயக்காய் தேய்த்து அலசியும்விட்டாள். அப்பாவிடம் அக்கா இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"'நீ சின்ன வயசுலேர்ந்தே வீக்கு. தொட்டாலே செவக்கும்'னாரு."

ஒரு சொல்லைக் கண்டுபிடித்தால் அப்பா அதை லேசில் விடமாட்டார்.

"ஆவணி ரெண்டாம் தேதி அவரும் அத்தையும் கூப்பிட வர்றாங்க. நான் போகமாட்டேன் குமரா. வரும்போதே முடிவு பண்ணிட்டுதான் பெட்டி கட்டினேன். ஆனா நான் ஒருத்தி மட்டும் சொன்னா, பொண்ணுக்குப் பித்துப் புடிச்சிருக்குன்னு சொல்லி வண்டியில ஏத்திடுவாங்க. நீ ஒரு வார்த்தை சொல்லணும்."

"நான் சொன்னா கேப்பாங்களா?"

"கேக்கமாட்டாங்க. நீ சொல்லணும்."

இரண்டு ஆண்டுகள் விடுதலையைப் பற்றிப் படித்தேன். அறத்தைப் பற்றி ஒரு தனித் தாளே உண்டு. முதல் வகுப்பில் தேறினேன்.

"எண்ணெய் கொஞ்சம் விடணும். நகரு" என்றேன்.

நகர்ந்தாள்.


ஆடி 24

அப்பாவிடம் போய் நின்றேன். பேப்பரை இறக்கினார்.

"என்னடா?"

"ஈஸி அவுட் வாங்கக் கும்பகோணம் போகணும்."

"போ."

கேவலம். அப்பாவைச் சொல்லவில்லை.


ஆடி 27

வந்துவிட்டது.

ஈஸி அவுட் என்பது கூம்பு வடிவ இரும்பு. அதன் உடம்பில் இடப்பக்கமாகச் சுழலும் வரிகள். உடைந்த வளையத்துக்குள் செருகிச் சுத்தியலால் மெல்லத் தட்டி, இடப்பக்கம் திருப்பினால், திருப்பத் திருப்ப அதுவே இறுகிக் கவ்வி வெளியே இழுத்துவரும். வேகமாகத் திருப்பினால் அதுவும் உள்ளே முறியும். அது கடினமான இரும்பு. அப்புறம் எந்த டிரில்லும் இறங்காது.

நான் திருப்பினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம். அத்தான் சொன்ன அந்த 'ஒரே முறுக்கு' என் தோளில் வந்து நின்றதை உணர்ந்தேன். கையை எடுத்துவிட்டேன்.

"நான் பண்றேன், தா" என்றாள் அக்கா.

வலிமையைக் காட்ட அவளுக்கு யாரும் இல்லை. இடப்பக்கம் ஒரு நூல். வலப்பக்கம் அரை நூல். ஒரு சொட்டு எண்ணெய். மறுபடி. அடுக்களையில் குக்கர் கத்தி ஓய்ந்தது. கால் மரத்துப்போய் நான் எழுந்து நடந்தேன். அவள் எழவில்லை. மறுபடி ஒரு நூல்.

கிறீச்.

பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்தச் சத்தத்துக்கு அவள் கண்ணை மூடவில்லை.

அதன்பிறகு தானாக வந்தது. கறுத்த சின்ன வளையம். துணியில் துடைத்தாள். துருவே இல்லை. மரை ஒவ்வொன்றும் புதுசு மாதிரி.

"இதப் பாரேன். இது எப்ப போட்டது?"

"தை மாசம். உன் கல்யாண ஊர்வலத்துக்குன்னு நாலும் புதுசா போட்டேன்."

முந்தானையில் முடிந்துகொண்டாள். சேலை கட்டியிருந்தாள், அரைக்கை ரவிக்கையோடு. காலையிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறாள். மணிக்கட்டுக்கு மேலே மஞ்சளும் பச்சையுமாகப் பழைய தடங்கள். அப்பா கூடத்தில் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நேற்றைய பேப்பர்.


ஆடி 28

புது ப்ளக். நாலும் மாற்றினோம். வயர்களின் வரிசை மாறிவிடாமல் இருக்க ஒன்றைக் கழற்றி, மாட்டி, அதன்பிறகு அடுத்தது. முனைகளுக்கு நடுவில் இடைவெளியைத் தகடு வைத்துப் பார்த்தோம். ப்ளக்கின் தலையில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி விரலால் சுற்றச் சொன்னேன். மரை கோணலாக ஏறினால் ரப்பர் வழுக்கும், உடனே தெரிந்துவிடும்.

"இதுக்குமேல ஸ்பானர். உட்கார்ந்ததும் ஒரு சின்னத் திருப்பு. அவ்வளவுதான்."

"அவ்வளவு போதுமா?"

"போதும். மீதிய அது பாத்துக்கும்."

ஸ்டார்ட் ஆயிற்று. விக்கவில்லை. அப்பா உள்ளிருந்து ஓடிவந்து காரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காரை.


ஆடி 32

அம்மா சீர்ப் பலகாரம் சுடுகிறாள். முறுக்கு, அதிரசம், ரவா உருண்டை.

"அம்மா, அக்கா போகமாட்டேங்கறா."

"எல்லாப் பொண்ணும் மொதல்ல அப்படித்தான்டா சொல்லும்."

"நீ பாத்தல்ல?"

எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பாத்தேன். பாத்துட்டு என்ன பண்றது? அடுத்து உனக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

ஆகவே நானும் இதில் பங்குதாரன். சொல்லாமல் விட்டிருக்கலாம் அம்மா.


ஆவணி 2

நடந்ததை நடந்தபடி.

அத்தானும் அவர் அம்மாவும் கூடத்தில். காபி. அதிரசம். அக்காவின் பெட்டியை அம்மாவே கட்டி வாசலில் வைத்திருந்தாள். புத்தகங்கள் அலமாரியில் இருந்தன. பெட்டி லேசாகிவிட்டது.

"வண்டி ஓடுதா மாமா?"

"பட்டு மாதிரி ஓடுது மாப்ள! பழைய ப்ளக்கு, அதான் அன்னிக்கு உங்க கையில…"

அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கறுத்த வளையத்தை அதிரசத் தட்டில் வைத்தாள்.

"பழசு இல்லப்பா. தை மாசம் என் கல்யாணத்துக்குப் போட்டது."

சம்பந்தி அம்மாள் தட்டைத் தள்ளி வைத்தார். "என்னது இது, திங்கற தட்டுல?"

அப்பா என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் கெஞ்சியது. "குமரா, நீதானே பாத்துக்கற. சொல்லேன்டா. பழைய ப்ளக்குதானே?"

ஆமாம் என்றால் போதும். மூன்று எழுத்து. காபி குடித்து, பெட்டியை ஏற்றி, நானே ஸ்டேஷனில் கொண்டுவிட்டு வந்திருப்பேன். வந்து இங்கே எல்லோரையும் பற்றி நன்றாக எழுதியிருப்பேன்.

"புதுசு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "புதுசுப்பா. வைகாசியிலகூட கழட்டித் தொடைச்சேன், விரலாலயே கழண்டுச்சு. ஆறட்டும்னு சொன்னேன். கேக்காம சூட்டுல குழா மாட்டி முறுக்கினாரு. அவர்தான் ஒடச்சாரு."

"ஒரு ப்ளக்குக்கா இவ்ளோ பேச்சு?" என்றார் சம்பந்தி அம்மாள்.

"புருவமும் கதவு இல்லப்பா. அந்த மோதிரம். கையில இருக்கறது அவரு மடக்கிப் புடிச்ச தடம். அம்மா பாத்துச்சு. நீங்களும் பாத்தீங்க."

அத்தான் எழுந்தார். அக்காவின் தலை ஒருபக்கம் சாய்ந்தது, பழக்கம். பிறகு நேரானது.

"நாயகி, கெளம்பு."

"நான் வரல."

"மச்சான் பேசறான்னு திமிரா? உங்க மோதிரமும் வேணாம், உங்க சங்காத்தமும் வேணாம்!" மோதிரத்தைக் கழற்றி எங்கள் முகத்தில் எறிவதற்காக இழுத்தார். வரவில்லை. திருகினார். வரவில்லை. முகம் சிவந்து, பல்லைக் கடித்து முறுக்கினார். கூடமே அந்த விரலைப் பார்த்தது. அவர் அம்மா, "மெதுவாடா கண்ணா" என்றார்.

"சூட்டுல முறுக்காதீங்க," என்றாள் அக்கா. கேலியே இல்லாத குரல். "இன்னும் இறுகும். ஆறின பெறகு கழட்டி தபால்ல அனுப்புங்க."

யாரோ சிரித்தார்கள். சன்னலில் நடேசன் மாமா.

மோதிரத்தோடேயே போனார். தெருமுனை வரை முறுக்கிக்கொண்டே போனார்.

அப்பா சொன்ன ஒரே வார்த்தை: "காபி ஆறுதே மாப்ள." காலி நாற்காலியிடம்.


ஆவணி 4

அம்மா அதிரசத்தைத் தெருவில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். பெட்டி கூடத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டித்தான் எல்லோரும் நடக்கிறோம்.


ஆவணி 6

ஊர்வலம். மாப்பிள்ளை என் வயது. கழுத்தில் மாலை, வியர்வை. பாதி வழியில் முன்னால் குனிந்து, "அண்ணே, எப்பண்ணே முடியும்?" என்றான்.

பரிதாபமாக இருந்தது. அதற்காக அவனை நம்பிவிடவில்லை.

வண்டி ஒருமுறைகூட விக்கவில்லை.


ஆவணி 7

காலையிலேயே மண்டபத்திலிருந்து வண்டியை ஓட்டிவந்துவிட்டேன். ப்ளக் துடைக்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றினேன். தார்ப்பாய் இல்லாமல் வாசலிலேயே.

எல்லாம் தெரிந்தும் நடேசன் மாமா அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க, ஆவணி பொறந்தும் பொண்ணு இங்கயே இருக்கு?"

அப்பா செருமினார். வீட்டின் அடுத்த பொய் தொண்டைவரை வந்துவிட்டது. "அது… ஒடம்பு கொஞ்சம் வீக்கா…"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு மாமா," என்றாள் அக்கா வாசற்படியிலிருந்து. "இனிமே இங்கதான் இருப்பேன்."

அப்பா நடேசன் மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்காவின் கையைப் பார்த்தார், அரைக்கை ரவிக்கைக்குக் கீழே, அந்தத் தடம் வெளுத்த இடத்தை. முதன்முறையாகப் பேப்பர் எதுவும் நடுவில் இல்லை. "ஆமாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தாள். எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஆறிடுச்சாக்கா?"

"இன்னும் சூடு இருக்கு."

ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு மட்கார்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.